உதுமாம்பிடி

அந்தச் சொல் என் வலது காலில் பிறந்தது.
இதை எங்கேயும் ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

எழுபத்திரண்டு. கல்முனை. கிறவல் மைதானம்.
பொழுதுபட இன்னும் பத்து நிமிசம்.
ஒன்றுக்கு ஒன்று. எங்களுக்குத் தண்ட உதை.
பாண்டிருப்பு முழுக்க என் முதுகுக்குப் பின்னால்,
மருதமுனை முழுக்க அவன் முதுகுக்குப் பின்னால்,
நடுவில்
ஈரம் குடித்துக் கனத்த ஒரு தோல் பந்து.

உதுமாங்கண்டு. தறியில் நாடா எறிகிறவன்.
கையுறை இல்லை, சப்பாத்தும் இல்லை.
சாரத்தை அவிழ்த்துக் கம்பத்தடியில் மடித்து வைத்துவிட்டு
அரைக்காற்சட்டையோடு நின்றான்,
பஸ்ஸுக்கு நிற்கிறவன்போல.

நல்லாத்தான் அடித்தேன்.
இடது மேல் மூலை.
இன்றைக்குக் கேட்டாலும் அங்கேதான் அடிப்பேன்.
அவன் பாயவில்லை, அதுதான் எனக்கு இன்னும் விளங்காதது.
பந்து போகிற இடத்தில் முதலே இருந்தான்.
ஒற்றைக் கையால் எடுத்தான்,
கொடியில் காய்ந்த துணியை எடுப்பதுபோல.

மறுநாள் பேப்பரில் அவன் பெயர் இரண்டு தரம்.
நான்: "பாண்டிருப்பு வீரர் ஒருவர்".

மறுகா நான் கொண்டக்டர் ஆனேன்.
கல்முனை, மட்டக்களப்பு, திரும்பக் கல்முனை,
முப்பத்தொரு வருசம்.
களுவாஞ்சிகுடியில் மடியிலிருந்து நழுவின தயிர்ச்சட்டியை
ஒருத்தி முழங்காலில் ஏந்த,
பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார்:
"உதுமாங்கண்டு பிடிச்ச பிடி!"
பத்து வருசத்தில் அது உதுமாங்கண்டுப் பிடி.
பிறகு உதுமாம்பிடி.
செட்டிபாளையத்தில் மாங்காய் பிடித்த பொடியன்
"உதுமா!" என்று மட்டும் கத்தினான்.
அது ஒரு ஆள் என்று அவனுக்குத் தெரியாது.
கைமாறிக் கைமாறித் தலை அழிந்த சல்லி,
கடையில் இன்னும் செல்லுகிறது.

ஊருக்கும் ஊருக்கும் நடுவில்
பஸ் நின்றுபோன வருசங்களும் இருந்தன.
அங்கிருந்து யாரும் இங்கே வரவில்லை.
இங்கிருந்து நாங்களும் போகவில்லை.
அப்போதும் எங்கள் ஒழுங்கையில்
கிரிக்கெட் பந்தைப் பிடித்த பிள்ளைகள் கத்தினார்கள், "உதுமா!"
ஒரு தாயும் வாயைப் பொத்தவில்லை.
யாருடைய பெயர் என்று ஞாபகம் இருந்தால்தானே.

கடல் வந்த காலைக்குப் பிறகு
கதை ஒன்று புதிதாய்ப் புறப்பட்டது.
தண்ணீரில் வந்த கைக்குழந்தையை
மதில்மேல் நின்று ஒற்றைக் கையால்
உதுமாங்கண்டு பிடித்தான் என்று.

அப்போது அவன் மையவாடிக்குள் போய் மூன்று வருசம்.
ஜனாஸாவுக்கு நான் போயிருந்தேன்.
கேற்றுக்கு வெளியே, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளையைப் பிடித்த கை யாருடையதோ.
இருந்திருக்கும், ஒரு கை.
அதுவும் என் காலைப்போல "ஒருவர்".

தேத்தண்ணிக் கடையில் ஒரேயொரு தரம் சொல்லிப் பார்த்தேன்.
"அவர் அப்ப உயிரோட இல்ல, தம்பி."
அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.
"நீங்க கண்டயளா?"
அவனுடைய பிளேன்ரீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.
மிதந்த ஒரு பிள்ளைக்காகச் சொன்ன பொய்யை
நான் எதற்குக் கீழே போடவேண்டும்?

போன மாதம் கண் ஆபரேஷன்.
தாதி அம்பாறைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை.
"மூடுங்க", "திறங்க", "நோவுதா",
எல்லாமாகத் தமிழில் ஒரு பத்துச் சொல் வைத்திருந்தாள்.
ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணில் மங்கல்.
தட்டிலிருந்து மருந்துக் குப்பி உருளுகிற சத்தம்.
விழுந்த சத்தம் வரவில்லை.
மெதுவாக, தனக்குத்தானே, "உதுமா" என்றாள்.

போர்வைக்குள் என் வலது கால் ஒருமுறை உதறிற்று.

"நோவுதா?"

இல்லை, பிள்ளை.
இடது மேல் மூலை.